குளமா, புளோயரா, மெம்பரேனா? ஆற்றின் பக்கம் நின்று பார்த்தால்…

நடுத்தர அளவு நகரத்துக்குக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்றால் முதலில் செலவைப் பேசுவார்கள், அப்புறம் நிலத்தை. ஆற்றின் முறை கடைசியில்தான் வரும். இங்கே வரிசையை மாற்றிவிடுகிறேன்.

வீட்டுக் கழிவுநீரின் பி.ஓ.டி., அதாவது அதிலுள்ள அழுக்கைச் சிதைக்க பாக்டீரியாக்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், பெரும்பாலும் லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம். அப்படியே ஆற்றில் விட்டால் அந்த அழுக்கைத் தின்னும் பாக்டீரியாக்களே ஆற்றின் ஆக்சிஜனைக் குடித்துவிடும். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பல மீன்கள் திணறும். பலரும் மறப்பது கழிவுநீரில் உள்ள அம்மோனியாவை. அம்மோனியாவாக இருக்கும் 1 மில்லிகிராம் நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற சுமார் 4.6 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். போதாததற்கு அது மீனுக்கு நஞ்சும்கூட. தண்ணீர் சூடேறினால் நஞ்சும் ஏறும்.

1912-இல் பிரிட்டன் ராயல் கமிஷன் சுத்திகரித்த நீரின் பி.ஓ.டி.க்கு லிட்டருக்கு 20 மில்லிகிராம், மிதக்கும் திடப்பொருளுக்கு 30 என்று வரம்பு வைத்தது. ஆற்றில் அந்த நீரைப் போலக் குறைந்தது எட்டு மடங்கு தண்ணீர் ஓடும் என்று நம்பி வைத்த வரம்பு அது. கோடையில் வற்றும் ஆற்றிடம் அந்தக் கணக்கு செல்லாது.

கழிவுநீரைத் தேக்கி இயற்கையாகச் சுத்தமாக விடும் நிலைப்படுத்தும் குளங்கள்தான் எளிமையான வழி. பாசி ஆக்சிஜன் தரும், வெயில் கிருமியைக் கொல்லும், மின்சாரம் ஏறக்குறைய வேண்டாம். கிருமி ஒழிப்பில், குளோரின் போடாத காற்றூட்ட நிலையத்தை நன்கு கட்டிய குளத்தொடர் தோற்கடிக்கும். ஆனால் நீர் வாரக்கணக்கில் தங்க வேண்டும், அதற்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும். வெளியேறும் நீரோடு பாசியும் போகும். அம்மோனியா குறைவதும் பருவநிலையைப் பொறுத்ததுதான், உறுதி சொல்ல முடியாது.

பாக்டீரியாக் கூட்டமான கசடைக் கழிவுநீரோடு கலந்து காற்று ஊதும் காற்றூட்டிய கசடு முறையை 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் அறிவித்தார்கள். குளம் வாரக்கணக்கில் செய்வதை இது மணிக்கணக்கில் முடிக்கிறது. விலை, மின்சாரம்: நிலையத்தின் மின்செலவில் பாதியோ அதற்கு மேலோ காற்றை ஊதும் புளோயருக்கே போய்விடும். அதைவிடப் பெரிய கவலை அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்கள். மெதுவாகப் பெருகும் ஜீவன்கள் அவை. பெருமழையில் கசடு அடித்துக்கொண்டு போனாலோ, தொழிற்சாலை நஞ்சு உள்ளே வந்தாலோ, அவை மறுபடி தலையெடுக்க வாரங்கள் ஆகும். அதுவரை பி.ஓ.டி. அறிக்கை அழகாகவே இருக்கலாம், அடிபடுவது ஆறு.

எஸ்.பி.ஆர். (தொகுதி தொகுதியாக இயங்கும் தொட்டி) என்பதும் இதே உயிரியல்தான், ஒரே தொட்டியில் நடக்கிறது: நிரப்பு, காற்றூட்டு, படியவிடு, மேல்நீரை வடி. இடையில் காற்றை நிறுத்தினால் நைட்ரேட்டும் நைட்ரஜன் வாயுவாகிப் பறந்துவிடும். தனிப் படிவுத் தொட்டி இல்லாததால் இடம் மிச்சம். வால்வுகளையும் தானியங்கிக் கட்டுப்பாட்டையும் பராமரிக்க ஆள் இல்லாத ஊருக்கு இது தலைவலி.

யு.ஏ.எஸ்.பி. (காற்றில்லாமல், கசடுப் படுகை வழியே கழிவுநீரை மேலே ஏற்றும் தொட்டி) பற்றி ஒரே வரி: மின்சாரம் குறைவு, எரிவாயு கிடைக்கும், ஆனால் அம்மோனியாவைத் தொடாது, ஆகவே தனியாக நிற்க முடியாது.

கசடைப் படியவிடாமல் மெல்லிய சவ்வால் வடிகட்டும் மெம்பரேன் முறையில் அரை மைக்ரானுக்கும் சிறிய துளைகள் வழியாக வடியும் நீர் கண்ணாடி மாதிரி இருக்கும். கசடு படியுமா என்ற பயமே இல்லை. மின்சாரம் கூடுதல், மெம்பரேன் அடைக்கும், கழுவ வேண்டும், சில ஆண்டுகளில் மாற்ற வேண்டும். நீரைத் தொழிற்சாலைக்கு விற்க முடிந்தால் சரி. ஆற்றில் விடுவதற்கு மட்டும் என்றால் ஆடம்பரம் என்றே சொல்வேன்.

என் தேர்வு இப்படி: நிலமும், ஆண்டு முழுக்க நீரோட்டமுள்ள ஆறும் இருந்தால் குளங்கள், கடைசியில் பாசியைப் பிடிக்க ஒரு கல்வடிகட்டி. கோடையில் ஆறு மெலியும் என்றால் எஸ்.பி.ஆர்., கூடவே பாஸ்பரஸை இறக்கப் படிகாரம். இல்லையென்றால் கீழே தேங்கும் நீர் பாசி பிடித்துப் பச்சையாகும். எதைக் கட்டினாலும் மழைநீர் சாக்கடையில் கலக்கும் ஊரில் திடீர் வெள்ளத்தைத் தேக்கிச் சீராக உள்ளே விடும் ஒரு சமநிலைத் தொட்டியும், புளோயருக்கு மாற்று மின் இணைப்பும் டெண்டரிலேயே இருக்க வேண்டும். செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுபவை இவை இரண்டும்தான்.