‘சிங்க்’ போட்டு வாசித்துக் காட்டினால் நம்பாதீர்கள்: பாண்டியில் பழைய டிஜே கன்ட்ரோலர் வாங்கப் போகிறவர்களுக்கு

பாண்டியில் செகண்ட் ஹேண்ட் டிஜே கன்ட்ரோலர் (லேப்டாப்பில் ஓடும் பாட்டுகளைக் கலக்குகிற பெட்டி) வாங்கலாம் என்று காசு சேர்த்து வைத்திருக்கும் கடலூர், பண்ருட்டி, விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். 19,500 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்தேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. பெயரைவிட அவர்கள் ஏமாற்றிய விதம்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும். அதே வேலையை வேறு கடையிலும் செய்யலாம்.

நான் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். டிஜே எனக்குத் தொழில் இல்லை, ஆசை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ராத்திரி, பாண்டியில் கடற்கரையோரம் இருக்கும் ஓர் இடத்துக்கு நண்பன் கூட்டிப்போனான். கிளப் என்றாலே குடியும் கூத்தும்தான் என்று எங்கள் வீட்டில் நினைப்பார்கள். நான் அங்கே பார்த்தது வேறு. ஒரு பெண் டிஜே தலையைக் குனிந்து, ஒரு காதில் மட்டும் ஹெட்போனை அழுத்திக்கொண்டு, ஓடுகிற பாட்டுக்கு அடியில் அடுத்த பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நுழைக்கிறார். எங்கே ஒன்று முடிந்தது, எங்கே இன்னொன்று தொடங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. கூட்டத்தில் ஒருவர் காலும் நிற்கவில்லை. அன்றைக்குப் பிடித்த ஆசை இது.

அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். 1970-களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கூல் ஹெர்க், ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு பிளேயரில் வைத்து, தாளம் மட்டும் வரும் துண்டை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டியிருக்கிறார். 1979-இல் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 என்ற இசைத்தட்டுப் பிளேயர் வந்தபோது, வேகத்தைக் கூட்டிக் குறைக்க நீளமான ஸ்லைடர் வைத்தார்கள். மேலே 8 சதவீதம், கீழே 8 சதவீதம். இன்று நாம் வாங்குகிற சின்ன பிளாஸ்டிக் கன்ட்ரோலரிலும் அதே ஸ்லைடர், அதே மாதிரி வலது ஓரத்தில் இருக்கிறது. இரண்டு பாட்டின் வேகத்தைக் காதாலேயே ஒன்றாக்குகிற வேலை முழுக்க அதில்தான். நான் ஏமாந்ததும் அந்த ஸ்லைடரில்தான்.

நான் கேட்டுப் போனது பயனியர் டிடிஜே-400. 2018-இல் வந்த மாடல். அதன் இடத்தில் எஃப்எல்எக்ஸ்4 என்ற புது மாடல் வந்துவிட்டதால் இப்போது பழையதாகத்தான் தேட வேண்டும். பழகுவதற்கு அருமையான பெட்டி அது. லேப்டாப்பின் யுஎஸ்பியிலிருந்தே கரன்ட் எடுத்துக்கொள்ளும், சவுண்ட் கார்டும் உள்ளேயே இருக்கிறது. கம்பெனியைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

கடை, கல்யாணங்களுக்கு ஸ்பீக்கரும் லைட்டும் வாடகைக்கு விடுகிற கடை. உள்ளே நுழைந்ததுமே, “பாண்டியில டேக்ஸ் கம்மி தம்பி, அதான் இந்த ரேட்டு” என்றார் கடைக்காரர். எங்கள் அப்பா காலத்தில் அது உண்மை. டிவி, பிரிட்ஜ் என்று கடலூரே பாண்டிக்குப் போய் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. ஆனால் 2017 ஜூலை 1-க்கு அப்புறம் ஜிஎஸ்டி வந்துவிட்டது. கடலூர்-பாண்டி எல்லையில் இருக்கும் ரெட்டிச்சாவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதற்கெல்லாம் ஒரே வரிதான். இந்தப் பேச்சை எந்தக் கடையில் கேட்டாலும் அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

அவர் வாசித்துக் காட்டியதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் விஷயம் முழுக்க அதில் இருக்கிறது. லேப்டாப் அவருடையது. கேபிளும் அவருடையது. அந்தக் கேபிளை மேசையோடு கறுப்பு டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். வலது டெக்கில், அதாவது பெட்டியின் வலது பக்கத்துப் பிளேயரில், ஒரு பாட்டை ஓட விட்டார். இடது டெக்கில் இன்னொன்றை ஏற்றி, இரண்டு பாட்டின் வேகத்தையும் தானாக ஒன்றாக்கும் சிங்க் பட்டனை அழுத்தினார். இரண்டும் பிசிறில்லாமல் சேர்ந்து ஓடின. ஒவ்வொரு டெக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சேனல் ஃபேடரை ஏற்றி இறக்கினார். எஃபெக்ட் போட்டார். பெரிய ஸ்பீக்கர், கடை அதிர்ந்தது. “ஆறு மாசம்தான் யூஸ் பண்ணிருக்கு தம்பி, வீட்டு பீஸ்” என்றார். ஒரு டெக்கிலிருந்து இன்னொரு டெக்குக்குச் சத்தத்தை மாற்றும் கிராஸ்ஃபேடரை மட்டும் கடைசிவரை நடுவிலிருந்து நகர்த்தவே இல்லை. இது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

பில் கேட்டேன். ஒரு துண்டுச் சீட்டில் மாடல் பெயரும் தொகையும் எழுதி, கடையின் சீலைக் குத்திக் கொடுத்தார். நல்லவேளை, பணத்தை ஜிபேயில் போட்டேன்.

அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது. 124 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 124 தாளம்) ஓடும் ஒரு ஹவுஸ் டிராக்கை இடது டெக்கில் ஏற்றி, சிங்க் போடாமல் விட்டேன். ஸ்லைடரிலிருந்து கையை எடுத்துவிட்டேன். திரையில் எண் தானாக ஆடுகிறது. 124.0, 124.3, 123.8, மறுபடி 124.1. யாரும் தொடவில்லை. வலது டெக்கின் பாட்டோடு சேர்த்தால், ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடு வேறு வேறு நடை போடுகிற மாதிரி இருக்கிறது. கிராஸ்ஃபேடரை ஒரு கோடிக்குத் தள்ளினால், முழுசாக அடங்க வேண்டிய மறுபக்கத்துப் பாட்டு ஹெட்போனில் மெலிதாகக் கசிகிறது.

சிங்க் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். சிங்க் போட்ட டெக், மாஸ்டராக இருக்கும் டெக்கின் வேகத்தை மென்பொருள் வழியாக எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அதன் சொந்த ஸ்லைடர் சொல்வதைப் பொருட்படுத்தாது. ஸ்லைடர் செத்தே கிடந்தாலும் பாட்டு ஒழுங்காக ஓடும். கெட்டுப்போனது இடது பக்கம். அவர் சிங்க் போட்டதும் இடது பக்கம். எந்தப் பக்கம் கோளாறு என்று தெரிந்துதான் அவர் வாசித்துக் காட்டியிருக்கிறார்.

அடுத்த வாரம் திருப்பாதிரிப்புலியூரில் அக்கா பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு விழா. ராத்திரி மொட்டை மாடியில் பிள்ளைகள் ஆட, சிங்க் போட்டாவது சமாளிக்கலாம் என்று பெட்டியை எடுத்துப் போனேன். நாலாவது பாட்டில் சத்தம் மொத்தமாக நின்றது. “என்னடா, கரன்ட் போயிடுச்சா?” என்று அத்தை கீழேயிருந்து கேட்கிறார். வீட்டில் லைட் எல்லாம் எரிகிறது. யுஎஸ்பி கேபிளை லேசாக ஒரு பக்கம் வளைத்துப் பிடித்தால் உயிர் வருகிறது, கையை விட்டால் போகிறது. கரன்ட்டும் சவுண்டும் அந்த ஒரே வழியில் போவதால், சாக்கெட் ஆடினால் எல்லாமே போச்சு. கடையில் ஏன் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள் என்பது அந்த மாடியில்தான் புரிந்தது. ஆட ஆசையாக வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கிப் போனதை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது.

கடைக்குத் திரும்பப் போனேன். “நீங்க சரியா ஹேண்டில் பண்ணல தம்பி” என்றார்கள். சர்வீஸுக்கு என்று வாங்கி 18 நாள் வைத்திருந்து, 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் நன்றாக ஓடியது. அப்புறம் முன்பைவிட மோசம்.

லாரன்ஸ் ரோடு பக்கம் பழைய டிவி, ஆம்ப்ளிஃபயர் பார்க்கிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அடிமூடியைக் கழற்றியதுமே முகர்ந்து பார்த்தார். “எண்ணெய் அடிச்சிருக்காங்க தம்பி” என்றார். துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு அடிக்கிற ஸ்பிரே. ஃபேடருக்கு எண்ணெய் இல்லாத கான்டாக்ட் கிளீனர்தான் அடிக்க வேண்டும். எண்ணெய் போட்டால் அப்போதைக்கு வழுக்கும், பிறகு தூசியைப் பிடித்துக்கொண்டு குழம்பாகிவிடும். பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்துக் காட்டினார். வலது ஸ்லைடரின் கால்களில் ஈயம் சின்னச் சின்னக் கூம்பாகப் பளபளக்கிறது. இடது ஸ்லைடரில் உருண்டை உருண்டையாக மங்கிக் கிடக்கிறது, சுற்றிலும் பத்தவைக்கும்போது போடுகிற ஃப்ளக்ஸ் பழுப்பாகக் காய்ந்து ஒட்டியிருக்கிறது. “இது கம்பெனியில பத்தவச்சது இல்ல. வேற ஸ்லைடர மாத்திப் போட்டிருக்கு.” யுஎஸ்பி சாக்கெட்டைப் போர்டோடு பிடித்து நிறுத்தும் இரண்டு கால்களில் ஒன்று விட்டுப்போயிருந்தது. பெட்டியின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணும் அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்ணும் வேறு வேறு என்பதை அவர் சொல்லித்தான் பார்த்தேன்.

ஆகவே வாங்கப் போகும்போது உங்கள் லேப்டாப்பையும் உங்கள் கேபிளையும் கொண்டுபோங்கள். ரெக்கார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருளை முன்கூட்டியே ஏற்றி, நன்றாகத் தெரிந்த இரண்டு பாட்டைப் போட்டு வையுங்கள். சிங்க்கை அணைத்துவிட்டு இரண்டு டெக்கின் ஸ்லைடரையும் மேலிருந்து கீழ்வரை மெதுவாக நகர்த்துங்கள். எண் தாவாமல் சீராக மாற வேண்டும், கையை எடுத்தால் நிற்க வேண்டும். கிராஸ்ஃபேடரை இரண்டு கோடிக்கும் தள்ளி ஹெட்போனில் கேளுங்கள், கடை ஸ்பீக்கரில் கசிவு தெரியாது. ஈக்யூவை (பாஸ், ட்ரெபிள் திருகுகளை) முழுக்கக் குறைத்தும் கொஞ்சம் கேட்டால் பயப்படாதீர்கள். மென்பொருளில் ஐசோலேட்டர் என்று மாற்றினால்தான் அது முழுசாக அடங்கும், அது பழுதில்லை. பாட்டு ஓடும்போதே யுஎஸ்பி கேபிளை லேசாக அசைத்துப் பாருங்கள். கவிழ்த்து, ஸ்க்ரூவின் தலை தேய்ந்திருக்கிறதா, சீரியல் எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இதையெல்லாம் செய்ய விடாத கடையில் வாங்கவே வேண்டாம். சீரியல் எண் எழுதிய பில் இல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடை பாண்டியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஜிபே ரசீது, துண்டுச் சீட்டு, போர்டின் படங்கள் எல்லாவற்றையும் வைத்து நான் கடலூரிலேயே கொடுத்திருக்கிறேன்.

சாக்கெட்டைப் பெரியவர் பத்தவைத்துக் கொடுத்துவிட்டார். ஒரிஜினல் ஸ்லைடருக்குச் சொல்லி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையில் பாண்டிக்கு வாங்கப் போகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள், லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன்.