வீட்டுக்கே வரும் ‘ஃபீவர் பேக்கேஜ்’: காசுக்குத் தகுமா?

ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்துவிட்டால் போதும், சென்னையில் எந்த ஆப்பைத் திறந்தாலும் ‘ஃபீவர் பேக்கேஜ்’ விளம்பரம்தான். டெங்கு, டைஃபாய்டு, மலேரியா, ஸ்க்ரப் டைஃபஸ் எல்லாம் ஒரே ஊசியில், முப்பதுக்கும் மேற்பட்ட பரிசோதனைகள், அன்றைக்கே ரிப்போர்ட், பாதி விலை. போன மழையில் தம்பிக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது நாங்களும் அப்படி ஒன்றை புக் செய்தோம். லேபின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் வேறு வேறு லேப்கள் கொடுத்த ரிப்போர்ட்டுகளையும் வாங்கிப் பார்த்தேன், லோகோவும் கலரும்தான் மாறுகிறதே தவிர உள்ளே சரக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ரத்தம் எடுக்க வந்தவர் அருமையான ஆள். கொட்டுகிற மழையில் காலையில் சொன்ன நேரத்துக்கு வந்து, ரெயின்கோட்டை வாசலிலேயே கழற்றி மாட்டிவிட்டு, கை கழுவ இடம் கேட்டார். கையுறையைப் பிரித்தது எங்கள் கண்முன்னால்தான். தம்பி வழக்கம்போல் கையை மூடி மூடித் திறக்க ஆரம்பித்ததும், “அப்படிப் பண்ண வேண்டாம் சார், சும்மா வச்சிருங்க” என்றார். அப்படிச் செய்தால் பொட்டாசியம் கூடுதலாகக் காட்டும் என்பது பல பேருக்குத் தெரியாது. ஊதா மூடி ட்யூபை நிரப்பியதும் குலுக்காமல் மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்து எடுத்தார், உள்ளே இருக்கும் உறையாமல் தடுக்கிற மருந்து கலக்காமல் ரத்தம் உறைந்துவிட்டால் பிளேட்லெட் எண்ணிக்கையே தப்பாகிவிடும். கடைசியாக, ஸ்டிக்கர் ஒட்டிய ட்யூபை என்னிடம் காட்டி, “அக்கா, பேரும் வயசும் சரியான்னு பாத்துக்கோங்க” என்றார். ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து ஸ்டார் கொடுக்கலாம்.

இனி பேக்கேஜ். அந்த ‘முப்பதுக்கும் மேற்பட்ட’ கணக்கிலேயே ஆரம்பிக்கலாம். சிபிசி என்கிற சாதாரண ரத்த அணுக்கள் பரிசோதனை ஒன்றில் ஹீமோகுளோபின், வெள்ளையணு, அதன் வகைகள், பிளேட்லெட், பிசிவி என்று இருபதுக்கும் மேற்பட்ட வரிகள் வரும், ஒவ்வொரு வரியையும் ஒரு டெஸ்ட் என்று எண்ணிவிடுகிறார்கள். சிறுநீர்ப் பரிசோதனைக்கும் அதே கதை. முழுச் சாப்பாட்டில் உப்பையும் ஊறுகாயையும் தனித்தனி ஐட்டமாக எண்ணி போர்டில் எழுதுகிற மாதிரி. உண்மையில் நாங்கள் வாங்கியது ஆறேழு பரிசோதனைகள்தான். தள்ளுபடி போக ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்.

சரி, எண்ணிக்கையை விடுங்கள். என் பெரிய புகார் வேறு. புக் செய்யும்போது ஆப் என்னென்னவோ கேட்டது. பிறந்த தேதி, பின்கோடு, கூப்பன் இருக்கிறதா, அம்மா அப்பாவுக்கும் சேர்த்துச் செய்தால் இன்னும் தள்ளுபடி வேண்டுமா என்றுகூடக் கேட்டது. காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாள் என்று மட்டும் ஓரிடத்திலும் கேட்கவில்லை. போனில் கன்ஃபர்ம் செய்தவரும் கேட்கவில்லை. டெங்கு டெஸ்ட்டைப் பொறுத்தவரை இந்த ஒரு கேள்விதான் பாதி டெஸ்ட்டே.

ஏன் என்றால், டெங்குவுக்கு இரண்டு விதமாகப் பார்க்கலாம். என்எஸ்1 என்பது வைரஸ் வெளியிடும் புரதம், காய்ச்சல் தொடங்கிய முதல் நாளிலிருந்தே ரத்தத்தில் இருக்கும், ஐந்தாறு நாளுக்குப் பிறகு குறைந்துவிடும். ஐஜிஎம் என்பது நம் உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருள், நாலைந்து நாள் கழித்துத்தான் தலை காட்டும். இரண்டாம் நாளில் ஐஜிஎம் பார்த்து ‘டெங்கு இல்லை’ என்று நிம்மதியாக இருப்பதும், எட்டாம் நாளில் என்எஸ்1 பார்த்து நிம்மதியாக இருப்பதும் ஒன்றுதான், இரண்டுக்கும் அர்த்தம் கிடையாது. அதிலும் முன்பே ஒருமுறை டெங்கு வந்தவர்களுக்கு இரண்டாம் முறை வரும்போது, பழைய எதிர்ப்பொருள்கள் என்எஸ்1-ஐப் பிடித்து வைத்துக்கொள்வதால் டெஸ்ட் நெகட்டிவ் காட்டும் வாய்ப்பு இன்னும் அதிகம். இரண்டாம் முறை வரும் டெங்குதான் முற்றிப்போகும் அபாயமும் அதிகம் என்பதால் இது விளையாட்டில்லை. எங்கள் தம்பிக்குக் கல்லூரியில் படிக்கும்போதே ஒருமுறை டெங்கு வந்திருக்கிறது. ‘இதற்கு முன் டெங்கு வந்ததுண்டா’ என்ற கேள்வியும் ஆப்பில் இல்லை.

ரிப்போர்ட் சாயங்காலமே வந்துவிட்டது, அதில் குறை சொல்ல முடியாது. என்எஸ்1 நெகட்டிவ். கீழே பொடி எழுத்தில் ‘ரேபிட் கார்டு முறை’ என்று இருந்தது. கோடு விழுகிறதா என்று பார்க்கும் அட்டை அது, கர்ப்பம் பார்க்கும் அட்டை வேலை செய்வதும் இதே முறையில்தான். இது தப்பான டெஸ்ட் என்று சொல்லவில்லை, அவசரத்துக்கு உதவும். ஆனால் லேபில் மெஷின் வைத்து நிறமாற்றத்தை அளந்து பார்க்கும் எலைசா முறையைவிடக் கோட்டை விடுவது அதிகம். அரசு வழிகாட்டுதல்படி டெங்குவை உறுதி செய்ய எலைசாதான் வேண்டும், ரேபிட் மட்டும் பாசிட்டிவ் என்றால் ‘இருக்கலாம்’ என்ற பட்டியலில்தான் வரும். விளம்பரத்தில் ‘டெங்கு டெஸ்ட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டவர்கள் முறையையும் அதே அளவில் போட்டிருந்தால் நான் வேறு லேபுக்குப் போயிருப்பேன்.

அடுத்தது விடால், டைஃபாய்டு எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை. ‘ஓ’ வரிசையில் 1:80 (எண்பது மடங்கு நீர்க்கவைத்தும் எதிர்ப்பொருள் தெரிகிறது என்று அர்த்தம்) என்று போட்டு அதைச் சிவப்பில் அடைத்து, பக்கத்தில் ஆச்சரியக்குறியும் வைத்திருந்தார்கள். அம்மா அதைப் பார்த்த நிமிடமே “டைஃபாய்டாம்டி” என்று போனைக் கையில் எடுத்துவிட்டாள். விடால் 1896-ல் வந்த பரிசோதனை. அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் டைஃபாய்டு சர்வசாதாரணமாக உலவும் நம் ஊர் மாதிரி இடங்களில் 1:80 என்பது நோயே இல்லாமல் நடமாடுகிறவர் ரத்தத்திலும் வரும், தடுப்பூசி போட்டவருக்கு வரும், எப்போதோ டைஃபாய்டு வந்து போனவருக்கு வரும், மலேரியா மாதிரி வேறு காய்ச்சலிலும் ஏறிக் காட்டும். ஒரே ஒரு விடாலை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பது மருத்துவப் புத்தகங்களில் இருக்கிற விஷயம். டைஃபாய்டு என்று நிஜமாகவே சந்தேகம் இருந்தால் முதல் வாரத்திலேயே, ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்பே, ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் எடுக்க வேண்டும். அதுவும் எல்லாவற்றையும் பிடித்துவிடாது, ஆனால் கிருமி வளர்ந்துவிட்டால் எந்த மருந்துக்குக் கேட்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். பேக்கேஜில் கல்ச்சர் கிடையாது. அதற்கு நாள் பிடிக்கும், ‘அன்றைக்கே ரிப்போர்ட்’ என்ற விளம்பரத்துக்கு ஒத்துவராது. விடால் மலிவு, சீக்கிரம் முடியும், சிவப்பில் அடித்தால் பயமுறுத்தும். வேறென்ன வேண்டும்?

அந்தச் சிவப்புக் கட்டத்துக்குக் கீழேயே ஒரு பட்டன், ‘நிபுணரிடம் இப்போதே பேசுங்கள்’ என்று. அதை நான் அழுத்தவில்லை.

ஸ்க்ரப் டைஃபஸுக்கு அவர்கள் செய்தது வெயில்-ஃபீலிக்ஸ், இது 1916-ஐச் சேர்ந்தது. ஸ்க்ரப் டைஃபஸ் கிருமியையே அது பார்ப்பதில்லை, புரோட்டியஸ் என்ற வேறொரு பாக்டீரியாவோடு எதிர்ப்பொருள் ஒட்டுகிறதா என்று சுற்றிவளைத்துப் பார்க்கும், நோய் இருந்தும் பலருக்கு நெகட்டிவ் வரும். ஐஜிஎம் எலைசா இதைவிட எவ்வளவோ மேல். இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், தமிழ்நாட்டுக்கு இது ஓரத்து நோய் கிடையாது. புதர்களிலும் வரப்புகளிலும் இருக்கும் கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது, அக்குளிலோ தொடையிடுக்கிலோ கறுத்துப் பொருக்குத் தட்டிய சின்னப் புண் இருந்தால் டாக்டர் கண்ணாலேயே பிடித்துவிடுவார். நேரத்தில் டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் மளமளவென்று இறங்கிவிடும், விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று இழுத்துக்கொண்டு போகும். 2023-ல் வேலூர் சிஎம்சி டாக்டர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு ஒன்று வந்தது. நோய் முற்றிய ஏறத்தாழ 800 பேரிடம், டாக்ஸிசைக்ளினும் அஸித்ரோமைசினும் சேர்த்து நரம்பில் ஏற்றினால் ஒன்றை மட்டும் ஏற்றுவதைவிடப் பலன் நன்றாக இருக்கிறது என்று காட்டினார்கள். சிகிச்சை இவ்வளவு தூரம் முன்னேறியிருக்க, அந்த நோயைக் கண்டுபிடிக்க நம்மிடம் காசு வாங்கிக்கொண்டு நூறு வருஷத்துக்கு முந்தைய டெஸ்ட்டைச் செய்கிறார்கள். ரத்தம் எடுக்க வந்தவரோ ரிப்போர்ட் அனுப்பியவர்களோ ‘உடம்பில் எங்காவது கறுப்புப் பொருக்கு இருக்கிறதா பாருங்கள்’ என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம், அதற்குச் செலவே இல்லை.

இத்தனைக்கும் நடுவில், பேக்கேஜில் உண்மையிலேயே வேலை செய்தது அந்தச் சாதாரண சிபிசிதான். வெள்ளையணு 3,100, பிளேட்லெட் 1,38,000. மறுநாள் காலையில் எங்கள் டாக்டரம்மா பக்கம் பக்கமாக இருந்த பிரின்ட்டைப் புரட்டிப் புரட்டி இந்த இரண்டு வரியில் வந்து நின்றார். “விடாலைக் கண்ணுலயே பாக்காதீங்க. வெள்ளையணு இறங்கியிருக்கு, கண்ணுக்குப் பின்னாடி வலிங்கிறான், இதை டெங்குன்னே வச்சுப்போம். ரெண்டு நாள் கழிச்சு ஐஜிஎம் எலைசா எடுங்க. அதுவரைக்கும் பாராசிட்டமால் மட்டும், வேற எந்த வலி மாத்திரையும் கூடாது” என்றார். எலைசா பாசிட்டிவ்தான் வந்தது.

அதற்குப் பிறகு தினமும் சிபிசி எடுக்க அந்த ஆப் பக்கம் நாங்கள் போகவில்லை. தெருமுனையில் ஒரு சின்ன லேப், மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, ஒரு மெஷின், ஒரு மைக்ராஸ்கோப். பெரிய போர்டெல்லாம் கிடையாது. ஆனால் உள்ளே நுழைந்ததும் லேபை நடத்தும் அம்மா கேட்ட முதல் கேள்வியே “காய்ச்சல் எத்தனாவது நாள்?” என்பதுதான். ஒரு நாள் மெஷின் பிளேட்லெட்டை 41,000 என்று காட்டியபோது அப்படியே அடித்துக் கொடுக்காமல் ஸ்லைடு போட்டுப் பார்த்து, திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, வேறு ட்யூபில் மறுபடி எடுக்கிறேன் என்று எடுத்து 62,000 என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த ஊதா மூடி ட்யூபில் இருக்கும் மருந்தே சிலருக்கு இப்படி ஒட்டவைத்துவிடும், மெஷினுக்கு அது தெரியாது. ஒரு சிபிசி முந்நூறு ரூபாய்.

பேக்கேஜ் லேப்காரர்களும் சும்மா இருக்கவில்லை, அப்புறம் தினமும் ‘பிளேட்லெட் டிராக்கர்’ சலுகை என்று மெசேஜ் வந்துகொண்டே இருந்தது. பிளேட்லெட் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வீடே கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதில் அர்த்தமில்லை. பிசிவி என்று ஒரு வரி இருக்கிறதே, ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்று சொல்வது, டாக்டர் உற்றுப் பார்த்தது அதைத்தான். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பித்தால் பிசிவி ஏறும், பிளேட்லெட் வேகமாக இறங்கும். இது பெரும்பாலும் காய்ச்சல் விட்டு ‘அப்பாடா’ என்று உட்காரும் நேரத்தில்தான் நடக்கும். விடாத வாந்தி, வயிற்றுவலி, ஈறில் ரத்தம், ஆள் சோர்ந்து சுருண்டுபோவது, இதில் எது வந்தாலும் நேரே ஆஸ்பத்திரிதான். எண் இறங்கிவிட்டதே என்பதற்காக மட்டும், ரத்தக்கசிவு இல்லாதவருக்குப் பிளேட்லெட் ஏற்றச் சொல்லி டாக்டரிடம் சண்டை போடத் தேவையில்லை. தம்பிக்கு ஒரு பாட்டில்கூட ஏற்றவில்லை, ஓஆர்எஸ்ஸும் இளநீரும் கஞ்சியும்தான்.

ஐஜிஎம் பாசிட்டிவ் வந்த பிறகு மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்கிறவர்கள் வந்தார்கள். எந்த ரேட்டிங்கிலும் வராத சேவை என்பதால் இங்கே எழுதிவிடுகிறேன். கையில் டார்ச்சோடு வந்த அம்மா மாடித் தொட்டியைப் பார்த்துவிட்டு, நேராகப் போய் பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டை உருவினார். உள்ளே புழு நெளிந்துகொண்டிருந்தது. டெங்குக் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது, இந்த மாதிரி ஓரளவு தெளிந்த தண்ணீரைத்தான் தேடும், முட்டை காய்ந்த தட்டிலும் மாதக்கணக்கில் தாங்கும் என்பதால் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும் என்று செய்தே காட்டினார். இலவசம்.

இன்னொன்று. ‘என்ஏபிஎல் அங்கீகாரம்’ (லேப்களின் தரத்தைச் சோதித்து அங்கீகரிக்கும் தேசிய வாரியம் அது) என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். அந்த அங்கீகாரம் ஒவ்வொரு லேபிலும் குறிப்பிட்ட பரிசோதனைகளுக்குத்தான், லேப் செய்கிற அத்தனைக்கும் இருக்கவேண்டும் என்பதில்லை. எதெதற்கு என்ற பட்டியலை என்ஏபிஎல் இணையதளத்திலேயே பார்க்கலாம். எங்கள் ரிப்போர்ட்டிலேயே சில வரிகளுக்கு நட்சத்திரம் போட்டு, கடைசிப் பக்கத்தில் ‘அங்கீகார வரம்புக்குள் வராதவை’ என்று இருந்தது. அதில் டெங்கு கார்டும் ஒன்று.

அப்போ யாருக்கு இந்த பேக்கேஜ்? வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில், வெளியே போக வழியில்லாத மழையில், வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பது பெரிய உதவி. ஆனால் பேக்கேஜாக வாங்காதீர்கள். அதே ஆளையே வரவழைத்து சிபிசி, டாக்டர் சொன்னால் மலேரியாவுக்கு ஸ்மியர் (ரத்தத்துளியை ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது), நாளுக்குத் தகுந்தபடி என்எஸ்1 எலைசாவோ ஐஜிஎம் எலைசாவோ என்று தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். எங்களுக்கு அப்படிக் கணக்குப் போட்டால் பேக்கேஜைவிடக் குறைவாகத்தான் வருகிறது. செலவே வேண்டாம் என்றால் பக்கத்து அரசு மருத்துவமனையில் கேளுங்கள், டெங்கு எலைசா அங்கே இலவசம், ஐஜிஎம் கிட்டுகள் புனே வைரஸ் ஆய்வு நிறுவனத்திலிருந்து வருபவை. ரிப்போர்ட் வர ஒரு நாள் கூடப் பிடிக்கலாம், வரிசையில் நிற்கவேண்டியிருக்கும்.

என் ரேட்டிங்: ரத்தம் எடுத்தவருக்கு 5, ஆப்புக்கும் ரிப்போர்ட் வந்த வேகத்துக்கும் 4, பேக்கேஜுக்கு 5-க்கு 2. அந்த இரண்டும் சிபிசிக்காக. காய்ச்சல் நாளைக் கேட்கும்படி புக்கிங் படிவத்தில் ஒரு கட்டம் சேருங்கள் என்று கஸ்டமர் கேருக்கு எழுதியிருந்தேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்ற பதிலோடு முழு உடல் பரிசோதனைக்குக் கூப்பன் ஒன்று வந்திருக்கிறது, வேண்டுமென்றால் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.