பச்சை அடையாளத்தை நம்பி 68,500 ரூபாயைப் பறிகொடுத்தேன்

தங்கச்சிக்கு வந்தாறுமூலை கம்பஸ், அதுதான் கிழக்குப் பல்கலைக்கழகம், கிடைத்திருக்கிறது. அவளுக்கு லெப்டொப் வாங்க அம்மா சீட்டுக் கட்டி எடுத்த காசு 68,500 ரூபாய். ஒரு சதம் மிச்சமில்லாமல் போய்விட்டது.

பழைய பொருட்களை விற்கிற, வாங்குகிற ஒரு பெரிய விளம்பரத் தளம். 'கட்டண விளம்பரம்' என்று முதல் வரிசையில் இருந்தது. விற்பவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை அடையாளம், 'சரிபார்க்கப்பட்டவர்' என்ற சொல். வீடியோ கோலில் லெப்டொப்பைப் போட்டுக் காட்டினான். கீபோர்டில் தேய்ந்துபோன ஓர் எழுத்தை அவனாகவே காட்டி, "அண்ணா, குறையையும் சொல்லித்தான் விற்கிறன்" என்றான். அந்த ஒரு சொல்லில் விழுந்துவிட்டேன். காசு போட்டதும், கொழும்பு இரவு பஸ்ஸில் பார்சல் ஏற்றிவிட்டதாகப் படம் அனுப்பினான், பஸ் நம்பரோடு.

வெள்ளிக்கிழமை விடிய ஐந்து மணிக்கு மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் நின்றேன். பஸ் வந்தது. கொண்டக்டர் சீட்டுகளுக்கு அடியிலெல்லாம் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, அப்படியொரு பார்சல் ஒருத்தரும் தரல்லையே" என்றார். அவனுடைய போன் ஓஃப்.

தளத்துக்கு எழுதினேன். "பயனர்கள் இடும் விளம்பரங்களின் உண்மைக்கு நாங்கள் பொறுப்பல்ல." மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் எழுத்துப் பிசகாமல் அதே பதில். கோல் எடுத்தால் பொலிஸுக்குப் போகச் சொன்னார்கள். பொலிஸில் முறைப்பாட்டை எழுதிக்கொண்டு, பார்ப்போம் என்றார்கள். வங்கியில், அன்றைக்கே காசை எடுத்தாயிற்றாம். இவ்வளவுக்கும் நடுவில் அதே விளம்பரம், தேய்ந்த எழுத்தின் படத்தோடு, நாலு நாள் முதல் வரிசையிலேயே கிடந்தது!

சட்டம் படிக்கிற மச்சானிடம் கேட்டேன். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் 230ஆம் பிரிவு, பயனர் எழுதியதற்குத் தளத்தைப் பதிப்பாளராகக் கருதக்கூடாது என்கிறதாம். அங்கேயே, தளம் தானாகச் சொன்ன சொல்லுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லையாம். நான் கேட்பதும் அதைத்தான். லெப்டொப் நல்லது என்று எழுதியது அவன், சரி. 'சரிபார்க்கப்பட்டவர்' என்று எழுதியது யார்? முதல் வரிசையில் வைக்கக் காசு வாங்கியது யார்? கள்ளன் என்று நான் சொன்ன பிறகும் நாலு நாள் விட்டுவைத்தது யார்?

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. பொருள் கைக்கு வராமல் காசு போடாதீர்கள். விளம்பரத்தை அந்த அடையாளத்தோடு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை, இப்போது விளம்பரமும் இல்லை. ஏமாந்தது தெரிந்த நிமிடமே வங்கிக்குக் கோல் எடுங்கள். நான் வங்கி திறக்கும்வரை காத்திருந்தேன்.

கல்முனை, காத்தான்குடிப் பக்கம் யாராவது அந்தத் தேய்ந்த எழுத்துப் படத்தை வேறு பெயரில் பார்த்தால் உடனே எனக்குச் சொல்லுங்கள். 68,500 ரூபாய், அம்மாவின் சீட்டுக் காசு.