ஜெனரேட்டர் பேனல்ல ஃபால்ட் வந்தா எது தெளிவா சொல்லும்: பல்பு பேனலா, எழுத்து பேனலா, நம்பர் காட்டுற பேனலா?

தொண்டியில இருந்து தேவிபட்டினம் வரைக்கும் கடக்கரை ஓரத்து இறால் பண்ணைக, மண்டபம் பாம்பன் பக்கம் சில ஐஸ் கம்பெனிக, இங்கதான் நான் ஜெனரேட்டர் வேல பாக்குறேன். ரெண்டு வருசமா எங்க போனாலும் ஒரே கேள்விதான், "அண்ணே புது செட்டு எடுக்கப் போறோம், பழசுக்கும் பேனல் மாத்தணும், அந்த நம்பர் நம்பரா வருதே அது நமக்கு ஆகுமா, இல்ல பழைய பல்பு பேனலே போதுமா?" ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லி முடியல, அதான் மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதிடலாம்னு.

மொதல்ல பல்பு பேனல். சாவி, ஒரு ஹவர் மீட்டர், ஆயில் பிரஷருக்கு ஒரு பல்பு, தண்ணி சூட்டுக்கு ஒண்ணு, சார்ஜிங்குக்கு ஒண்ணு, அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாத வாட்ச்மேன் கூட "செவப்பு எரியுது மொதலாளி"னு சொல்லிடுவாரு, ரிலே போனா ராமநாதபுரம் டவுன்லயே வாங்கி மாட்டிடலாம். ஆனா இதுக்கு ஞாபகசக்தி கிடையாது, சாவிய ஆஃப் பண்ணிட்டா என்ன நடந்துச்சுனு அதுக்கும் தெரியாது நமக்கும் தெரியாது. அதவிட பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு, இத நல்லா கவனிங்க. நெறைய பழைய செட்டுல ஆயில் பிரஷர் ஸ்விட்ச், பிரஷர் இல்லாதப்ப பாடியோட ஒட்டிக்கிட்டு பல்ப எரிய விடும், பிரஷர் ஏறுனா விட்டுரும். இப்ப அந்த ஒத்த வயரு உப்புக்காத்துல அரிச்சு அத்துப்போச்சுனு வைங்க, பேனலுக்கு அது எப்படித் தெரியும்? பிரஷர் நல்லா இருக்குற மாதிரியே தெரியும். ஆயிலே இல்லாம எஞ்சின் ஓடுனாலும் பல்பு எரியாது, ட்ரிப்பும் ஆகாது. அதனால இந்த பேனல் வச்சிருக்கவங்க சாவிய ஆன்ல வச்சு, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் நின்னு பாருங்க, எஞ்சின் நிக்கும்போது ஆயில் பல்பு கண்டிப்பா எரியணும். எரியலைனா பல்பு ஃபீஸ் போயிருக்கு, இல்ல வயரு போயிருக்கு, பாக்காம செல்ஃப் அடிக்காதீங்க.

ரெண்டாவது எழுத்து பேனல். டீப் சீங்கிற கம்பெனியோடது மாதிரி கன்ட்ரோலர், சின்ன ஸ்கிரீன்ல லோ ஆயில் பிரஷர், ஃபெயில் டு ஸ்டார்ட், அண்டர் ஃப்ரீக்வென்சி (50 ஹெர்ட்ஸுக்கு ரொம்பக் கீழ எறங்குறது)னு இங்கிலீசுல வார்த்தையாவே போடும். எஞ்சின் பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினாவே இருக்கலாம், அதே ஸ்விட்சு சென்சார் வயரத்தான் இதுல கொண்டு வந்து மாட்டுறோம். இதுல நான் மதிக்கிறது ரெண்டு விசயம். ஒண்ணு, வார்னிங் வேற ஷட்டவுன் வேறனு பிரிச்சுச் சொல்லும். வார்னிங்னா செட்டு ஓடிக்கிட்டே இருக்கும், ஷட்டவுன்னா அந்த இடத்துலயே நிறுத்திரும், எலக்ட்ரிக்கல் ட்ரிப்னா லோட மட்டும் கழட்டிவிட்டு எஞ்சின கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு ஆறவச்சு நிறுத்தும். ரெண்டாவது லாக், அதாவது எந்த ஃபால்ட் எந்த தேதி எத்தனை மணிக்கு வந்துச்சுங்கிற வரிசை.

அந்த லாக் என்ன உபகாரம் பண்ணும்னு ஒரு பண்ணையில பாத்தேன். ராத்திரி கரண்டு போனா செட்டு ஸ்டார்ட் ஆகும், லோட எடுக்கும், அண்டர் ஃப்ரீக்வென்சினு நின்னுரும். இறால் பண்ணையில ராத்திரி ஏரியேட்டர் நின்னா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல, விடியிறதுக்குள்ள தண்ணியில ஆக்சிஜன் எறங்கி இறால் மேல வந்து மெதக்க ஆரம்பிச்சிரும். அவுக டீசல் ஃபில்டர் மாத்திட்டாக, டேங்க் கழுவிட்டாக, பம்ப கழட்டி மதுரைக்கு அனுப்பலாமானு என்னைய கேட்டாக. நான் லாக்க மட்டும் தள்ளித் தள்ளிப் பாத்தேன், ஒவ்வொரு தடவையும் ஃபால்ட் வந்தது லோட எடுத்து நாலஞ்சு செகண்டுக்குள்ள. ஃபில்டர் அடைப்புனா ஓடி ஓடிக் கொஞ்ச நேரம் கழிச்சுல்ல மூச்சு வாங்கும், இது எடுத்த ஒடனே விழுகுதுனா எல்லா ஏரியேட்டரும் ஒண்ணா கிளம்பி 50 ஹெர்ட்ஸ அமுக்கிருதுனு அர்த்தம். ஸ்டார்ட்டருக்கு டைமர் போட்டு மூணு குரூப்பா ஏறவிட்டோம், அதோட சரியாச்சு. பல்பு பேனலா இருந்திருந்தா அந்த பம்பு மதுரைக்குப் போயிருக்கும்.

எழுத்து பேனலுக்கும் கொறை உண்டு. லோ ஆயில் பிரஷர்னு போட்டா நெசமாவே பிரஷர் இல்லையா, வயர் பாடியில ஒட்டுதானு அதுக்குத் தெரியாது. ஒரே வார்த்தைதான் ரெண்டுக்கும்.

இப்ப மூணாவது, எல்லாரும் பயப்படுற நம்பர் பேனல். இது ஏன் இப்ப இவ்வளவு வருதுன்னா, 2023 ஜூலை 1ல இருந்து ஜெனரேட்டருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட சிபிசிபி 4 பிளஸ் புகை விதி வந்துருச்சு, அதுக்கப்பறம் வர்ற டீசல் செட்டுல பெரும்பாலும் காமன் ரெயில் எஞ்சின், அதாவது டீசல் தெளிக்கிறத கம்ப்யூட்டர் பாத்துக்குற எஞ்சின், அந்த கம்ப்யூட்டருக்குப் பேருதான் இசியு. அந்த இசியு ரெண்டு வயருல பேனலோட பேசுது, அந்தப் பேச்சுக்குப் பேரு ஜே1939. அது அனுப்புறது முக்கியமா ரெண்டு நம்பர், எஸ்பிஎன் ஒண்ணு எஃப்எம்ஐ ஒண்ணு. எஸ்பிஎன் எந்த எடம்னு சொல்லும்: 100னா ஆயில் பிரஷர், 110னா கூலன்ட் சூடு, 111னா கூலன்ட் அளவு, 97னா டீசல்ல தண்ணி, 168னா பேட்டரி வோல்ட், 190னா ஸ்பீடு. எஃப்எம்ஐ அந்த எடத்துல என்ன வியாதினு சொல்லும், நம்மாளுக படிக்காம விடுறது இதத்தான்.

போன தடவை மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்ச வாரம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு எறங்காது, அந்த 61 நாளும் ஐஸ் கம்பெனியில செட்டு அனேகமா சும்மாதான் கெடக்கும், கச்சான்னு சொல்ற மேகாத்து மணலையும் உப்பையும் அள்ளிக்கிட்டு வந்து கொட்டும். படகுக்கு ஐஸ் ஏத்தணும், அன்னைக்குப் பாத்து பேனல்ல மஞ்ச வார்னிங், எஸ்பிஎன் 100 எஃப்எம்ஐ 3. "100னா ஆயில் பிரஷர்"னு யாரோ சொல்லிருக்காக, பயந்து செட்ட நிறுத்தி, ஆயில வடிச்சு புது ஆயில், புது ஃபில்டர், அதுக்கும் போகலைனு ஆயில் பம்ப் வெல விசாரிச்சுக்கிட்டு இருந்தாக. ரெண்டு நாள் போச்சு. நான் போயி சென்சார் சிக்னல் வயர்ல மீட்டர வச்சேன், எஞ்சின் நிக்குது, காட்டுது 4.9 வோல்ட். நிக்கிற எஞ்சினுக்கு பிரஷர் ஏது? அந்த சென்சாருக்கு 5 வோல்ட் போகும், பிரஷர் இல்லைனா சிக்னல் அரை வோல்ட்டுகிட்ட இருக்கணும், முழு பிரஷருக்கே நாலரைதான். கனெக்டர கழட்டிப் பாத்தா மூணு பின்னுல கிரவுண்டு பின்னு மட்டும் பாசி புடிச்ச மாதிரி பச்ச பூத்து, நகத்தால சொரண்டுனா பொடியா உதிருது. கிளீனர் அடிச்சு, பின்ன மாத்தி, கிரீஸ் வச்சு மூடுனேன், வார்னிங் போச்சு. எஃப்எம்ஐ 3னா வோல்ட்டேஜ் அளவுக்கு மேல போயிருக்குனு அர்த்தம், அது வயரு சமாச்சாரம், ஆயில் சமாச்சாரமே இல்ல.

அதனால இந்தக் கணக்க மனசுல வச்சுக்கங்க. எஃப்எம்ஐ 3, 4, 5, 6 வந்தா மொதல்ல வயரு, கனெக்டர், சென்சார்: 3 வோல்ட் ஏறிருக்கு, 4 வோல்ட் எறங்கிருக்கு, 5 சர்க்யூட் அத்திருக்கு, 6 கரண்டு கூட இழுக்குது இல்ல பாடியில ஒட்டுது. 2 வந்தா ரீடிங் நெலையில்லாம ஆடுது, ஆட்டம் குடுக்குற கனெக்டர்ல இது நெறைய வரும். ஆனா 0, 1 வந்தா வெளையாடாதீங்க. 0ன்னா அளவு நெசமாவே ரொம்ப மேல, 1ன்னா நெசமாவே ரொம்ப கீழ. 15, 16 மேல போறதுக்கு முன்னெச்சரிக்கை, 17, 18 கீழ போறதுக்கு. எஸ்பிஎன் 100 எஃப்எம்ஐ 1 வந்த ஒரு பண்ணையில "போன தடவை மாதிரி வயராத்தான் இருக்கும்"னு ரீசெட் அமுக்கி அமுக்கி மூணு தடவை ஓட்டிட்டாக, வடிகால் போல்ட் கசிஞ்சு எஞ்சினுக்கு அடியில ஆயில் தேங்குற சம்புல ஆயிலே இல்ல, கிராங்க் பேரிங் புடிச்சிருச்சு. ரெண்டு எடத்துலயும் 100தான், கடைசி நம்பருதான் வேற.

கம்பெனிக்குக் கம்பெனி பாஷை மாறும், அதுலயும் கொழம்பக் கூடாது. கம்மின்ஸ்ல 135னு வந்தா அது இதே 100-3தான், 141னா 100-4, 143 பிரஷர் கொறையுதுங்கிற வார்னிங், 415னா நெசமாவே ஆபத்தான அளவுக்குக் கொறைஞ்சு போச்சு. கேட்டர்பில்லர்ல 100-3னு ஒட்டியே வரும், பிரஷரே எறங்குனா இ360னு தனியா வரும். எஸ்பிஎன் 639 வந்தா சென்சார தேடாதீங்க, அது பேனலும் இசியுவும் பேசுற லைன். பேட்டரிய கழட்டிட்டு அந்த ரெண்டு வயருக்கு நடுவுல ஓம் பாருங்க, 60 ஓம் கிட்ட வரணும், 120 வந்தா ரெண்டு முனையில இருக்குற ரெசிஸ்டர்ல ஒண்ணு விட்டுப்போச்சு. பெரிய செட்டுல யூரியா தண்ணி ஊத்துற டேங்க் இருந்தா 1761 வரும், அது டேங்க்ல அளவு.

ஆக எத எடுக்கலாம்? பழைய மெக்கானிக்கல் எஞ்சின் நல்லா ஓடுதுனா அதுக்கு எழுத்து பேனல் போடுங்க, யோசிக்கவே வேணாம், இறால் பண்ணைக்கு அந்த லாக் ஒண்ணுக்காகவே போடலாம். வீட்டுக்கு கடைக்கு சின்ன செட்டுனா பல்பே போதும், நான் சொன்ன சாவி சோதனைய மட்டும் விட்டுராதீங்க. புது செட்டுனா நம்பர் எப்படியும் வரத்தான் போகுது, ஆனா பேனல் எடுக்கும்போது எஸ்பிஎன், எஃப்எம்ஐ, பக்கத்துல எழுத்து மூணும் ஸ்கிரீன்லயே காட்டுதானு நின்னு ஓட்டிப் பாத்து வாங்குங்க. வெறும் மஞ்ச பல்ப எரியவிட்டுட்டு "லேப்டாப் கொண்டு வந்தாதான் கோடு தெரியும்"னு சொல்ற பேனல் நம்ம கடக்கரைக்கு வேணாம், மதுரையில இருந்து ஆள் வர்ற வரைக்கும் இறாலும் ஐஸும் காத்திருக்காது. டெலிவரி அன்னைக்கே அந்த மாடலோட கோடு புத்தகத்த கையில வாங்கிருங்க, அப்பறம் கேட்டா இன்னைக்கு நாளைக்குனு இழுத்தடிப்பாக.

நான் பாக்குற எல்லா ஷெட்டுலயும் பேனல் கதவுக்கு உள்பக்கம் ஒரு அட்டை ஒட்டிருக்கேன், மார்க்கர்ல பெருசா: "கடைசி நம்பர் 0, 1: நிறுத்து, ஆயில் தண்ணி பாரு, எனக்குப் போன் அடி. 3, 4, 5, 6: கனெக்டர கழட்டிப் பாரு, பச்ச இருக்கா?" போன வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு பண்ணையில இருந்து தம்பி போன் பண்ணான், "அண்ணே 110, எஃப்எம்ஐ 3, தண்ணி சென்சார் கனெக்டர்ல பச்ச இருந்துச்சு, தொடச்சு மாட்டிட்டேன், செட்டு ஓடுது, நீங்க காலையில வந்தா போதும்."