சிறியதா, நடுத்தரமா, பெரியதா? புகைப்படத் திருத்தத்துக்கு ஏற்ற டேப்லெட் அளவு

புகைப்படத் திருத்தத்துக்கு கிராபிக்ஸ் டேப்லெட் (கணினியோடு இணைத்துப் பேனாவால் இயக்கும் பலகை) வாங்க நினைப்பவர்களில் ஒரு சாரார், 'ஓவியமா வரையப் போகிறோம், சிறியதே போதும்' என்கிறார்கள். மற்றவர்கள், 'வாங்குவதுதான் வாங்குகிறோம், பெரியதாகவே இருக்கட்டும்' என்கிறார்கள். இருவருமே தங்கள் மானிட்டரை மறந்துவிடுகிறார்கள். முதலில் அளக்க வேண்டியது அதைத்தான்.

மவுஸைத் தூக்கி வேறிடத்தில் வைத்தாலும் அம்புக்குறி இருந்த இடத்திலேயே நிற்கும். பேனா அப்படியல்ல. டேப்லெட்டின் இடது மேல் மூலையைத் தொட்டால் அம்புக்குறி திரையின் இடது மேல் மூலைக்குப் போய்விடும். முழுத் திரையும் அந்தப் பலகைக்குள் சுருங்கியிருக்கிறது. எத்தனை மடங்கு சுருங்கியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

வாகாம் நிறுவனத்தின் இன்டுவோஸ் வரிசையில், சிறிய மாடலில் பேனாவை உணரும் பகுதி 152 x 95 மி.மீ.; நடுத்தர மாடலில் 216 x 135 மி.மீ. 2017-இல் வந்த இன்டுவோஸ் புரோ பெரிய மாடலில் அது 311 x 216 மி.மீ. 24 அங்குல மானிட்டரின் அகலம் சுமார் 531 மி.மீ. அப்படியானால் கையின் அசைவு சிறியதில் மூன்றரை மடங்காகவும், நடுத்தரத்தில் இரண்டரை மடங்காகவும், பெரியதில் 1.7 மடங்காகவும் திரையில் பெருகுகிறது. அதே சிறிய டேப்லெட்டை 15.6 அங்குல லேப்டாப்பில் இணைத்தால் பெருக்கம் 2.3 மடங்குதான். லேப்டாப்பில் மட்டுமே வேலை செய்பவருக்குச் சிறியது தருகிற கட்டுப்பாடு, 24 அங்குல மானிட்டரில் நடுத்தரம் தருவதற்குச் சற்றும் குறைந்ததல்ல. அவர் கூடுதலாகச் செலவழிக்கத் தேவையில்லை.

சிறியதில் நுணுக்கம் குறையும் என்ற அச்சத்துக்குக் கருவி காரணமல்ல. அது ஒரு மில்லிமீட்டருக்குள் 100 புள்ளிகளைப் பிரித்தறிகிறது. 4கே திரையின் 3840 பிக்சல் அகலத்துக்கு அது தாராளம். அதே வரிசையின் நடுத்தர மாடலில் அழுத்த நிலைகளும் (பேனாவை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் கருவி பிரித்தறியும் படிகள்) கூடுதலாகக் கிடைப்பதில்லை; இரண்டிலும் 4096தான். தடுமாறுவது கைதான். 4கே திரையில் ஒரு மில்லிமீட்டர் நடுக்கம் சிறியதில் 25 பிக்சல், நடுத்தரத்தில் 18, பெரியதில் 12. முகப்பரு நீக்குவது, முடியிழைகளுக்கு மாஸ்க் போடுவது (திருத்தம் படாதபடி மறைப்பது) போன்றவற்றை ஜூம் செய்து குட்டிக் குட்டிக் கோடுகளாகச் செய்கிறோம். அங்கே இந்த வேறுபாடு உறைக்காது. கன்னத்திலிருந்து தாடை வரை ஒரே இழுப்பில் டாட்ஜ் (வெளிச்சமாக்குதல்), பர்ன் (இருளாக்குதல்) செய்யும்போதும், புடவையின் நீண்ட விளிம்பைத் தேர்வு செய்யும்போதும் உறைக்கும். பெரிய மானிட்டரில் சிறியதை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் இப்படி இழுத்தால், மணிக்கட்டு இறுகி வலிக்கத் தொடங்கும்.

அதற்காகப் பெரியதுக்குத் தாவுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முழங்கையிலிருந்து கையை வீசி வரையும் ஓவியருக்கு அது வரம். திருத்துபவரோ படத்துக்கும் வலது ஓர லேயர் (திருத்த அடுக்குகள்) பட்டியலுக்கும் இடையே ஓயாமல் போய்வருகிறார். ஒவ்வொரு முறையும் கை வெகுதூரம் போக வேண்டும். ஷார்ட்கட் விசைகளுக்காக இடது கை கீபோர்டிலேயே இருக்க வேண்டிய வேலை இது. 430 மி.மீ. அகலப் பலகை நடுவில் வந்தால் கீபோர்டு எட்டாத மூலைக்குப் போய்விடும். இன்னொன்று: 311 x 216 என்பது பெரும்பாலான மானிட்டர்களின் 16:9 விகிதமல்ல. டேப்லெட் அமைப்பில் விகிதத்தைத் திரையோடு பூட்டாவிட்டால், நீங்கள் போடும் வட்டம் திரையில் பக்கவாட்டில் நீண்ட நீள்வட்டமாகும். பூட்டினால் 41 மி.மீ. உயரம் பயனற்றுக் கிடக்கும்.

எனவே 24 அல்லது 27 அங்குல மானிட்டருக்கு என் தேர்வு நடுத்தரம். இரண்டு மானிட்டர் வைத்திருந்தால், படம் இருக்கும் திரைக்கு மட்டும் டேப்லெட்டின் பரப்பை ஒதுக்குங்கள். இரண்டுக்கும் சேர்த்து விரித்தால் நடுத்தரமும் சிறியதைவிட மோசமாகிவிடும்.

முடிவெடுக்கத் தயங்கினால் ஓர் ஏ4 தாள் போதும். முழுத் தாள் கிட்டத்தட்டப் பெரியதின் பரப்பு. ஒருமுறை மடித்தால் நடுத்தரம். மறுபடி மடித்தால் சிறியது. கீபோர்டுக்கு அருகே வைத்து, மூலைக்கு மூலை பேனாவை ஓட்டிப் பாருங்கள். முன்கை மேசையில் படிந்தபடியே எல்லா மூலைகளும் எட்டுகின்ற மிகப்பெரிய மடிப்பு எதுவோ, அந்த அளவை வாங்குங்கள்.