ஜீப்புக்குத் துணைவிளக்கு: ஹலஜனா, எல்ஈடியா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் வயல்வழிகளில் இரவில் ஜீப் ஓட்டுபவருக்கு, வேலியோரம் நிற்கும் யானையைத் தூரத்திலேயே காட்டும் துணைவிளக்கு ஆடம்பரமன்று. மலிவில் கிடைப்பவை இரண்டு: தலா 55 வாட் ஹலஜன் சோடி, தலா 18 வாட் சதுர எல்ஈடி சோடி.

12 வோல்ட் பற்றரியிலிருந்து ஹலஜன் சோடி ஏறத்தாழ 9 அம்பியர் இழுப்பதால், அதற்கு ரிலேயும் (பெரிய மின்னோட்டத்தை ஆளிக்குப் பதிலாகத் தாங்கும் சாதனம்) 15 அம்பியர் பியூசும் தடித்த வயரும் கட்டாயம். எல்ஈடி சோடிக்கு 3 அம்பியரே போதும். பழைய ஜீப்பின் பற்றரியை மின்னேற்றும், களைத்துப்போன ஆல்டனேட்டருக்கு அது பெரிய ஆறுதல். (எல்ஈடிக்கும் பியூஸ் வேண்டும், பெட்டியில் அச்சிட்ட வாட் அளவை நான் அப்படியே நம்புவதில்லை.)

மாரியில் கதை மாறுகிறது. மலிவான எல்ஈடியின் ரப்பர் விளிம்பு நீரைத் தடுக்கத் தவறினால், முதலில் கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படியும், பின்பு புள்ளி புள்ளியாக ஒளி அணையும். அதைப் பிரித்துத் திருத்துவது அரிது. ஹலஜனிலோ குமிழை மட்டும் மாற்றினால் போதும், மஞ்சள் சாயலுள்ள அதன் ஒளி மழைத்தாரையில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசச் செய்வதும் குறைவு. ஆனால் சூடேறியிருக்கும் அதன் கண்ணாடி, வாய்க்கால் நீர் பட்டதும் வெடித்துவிடலாம்.

ஆயினும் நான் எல்ஈடியையே தெரிந்தெடுப்பேன்: பொருத்துமுன் விளிம்பெங்கும் சிலிக்கன் பூசி, பிரதான வீதியில் எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்காமல் அணைத்துவிடத் தனி ஆளியும் (சுவிட்சும்) வைத்து.