கொசுப்புழுவைத் தின்ன யாரை விடலாம்: கம்பூசியா, கப்பி, தட்டான், சைக்ளோப்ஸ்

தொட்டியில் புழு நெளிந்தால் "நாலு மீன் வாங்கி விடுங்க" என்று யாராவது சொல்வார்கள். சரி, எந்த மீன்? புழுவைத் தின்னாத சின்ன மீன் அபூர்வம். வேறு எதையெல்லாம் சேர்த்துத் தின்னும் என்று பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

முதலில் புழுவின் சாப்பாடு. மலேரியா பரப்பும் அனோபிலிஸின் புழு நீர்மட்டத்தை ஒட்டிப் படுத்து, தலையை மட்டும் அரைவட்டம் திருப்பி மேல்படலத்தை மேயும். டெங்கு பரப்பும் ஏடிஸின் புழு தொட்டியின் அடியையும் சுவரையும் சுரண்டும். இரண்டுக்கும் பாக்டீரியா, பாசி, மக்கிய தூள்தான் உணவு. ஆகவே வெறும் தண்ணீரை மாற்றினால் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் முட்டையும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த பருவமான கூட்டுப்புழு எதையும் தின்னாது. தின்றால்தான் கொல்லும் பிடிஐ பாக்டீரியா மருந்து அதனிடம் பலிக்காது. மீனுக்கு அந்தக் கவலை இல்லை, அதையும் விழுங்கிவிடும்.

கம்பூசியா அமெரிக்காவிலிருந்து உலகம் சுற்றிய மீன். இந்தியாவுக்கு 1928-இல் வந்தது. புழு வேட்டையில் கெட்டி. ஆனால் தவளைக்குஞ்சு, பிற மீன்களின் முட்டை, நீர்த்தெள்ளு எல்லாமே அதற்கு இரை. நீர்த்தெள்ளு பாசியை வடிகட்டித் தின்னும் உயிர். அது குறைந்தால் தண்ணீர் பச்சையாகும். பக்கத்து மீன்களின் துடுப்பைக் கடிக்கும் புத்தியும் உண்டு. உலகின் மோசமான 100 அயல் ஊடுருவிகள் பட்டியலில் இதற்கு இடம் கிடைத்ததில் ஆச்சரியமில்லை.

கப்பியும் வெளியூர் சரக்குதான், தென்னமெரிக்காவுடையது. அழுக்குத் தண்ணீரையும் தாங்கும், குட்டி போட்டுப் பெருகும், மீன் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். சிமெண்ட் தொட்டிக்கு என் ஓட்டு இதற்கே. ஒரே நிபந்தனை: பாசத்தில் தினமும் தீனி போடாதீர்கள். வயிறு நிறைந்த மீன் புழுவைத் தேடிப் போகாது.

தட்டானின் இளம்பருவம் தண்ணீரில்தான் வளரும். முகத்தடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைக் கண்ணிமைக்கும் நேரத்தில் நீட்டி, நுனிக் கொக்கிகளால் புழுவைப் பிடிக்கும். பார்க்க அற்புதம். ஆனால் வளர்ந்ததும் பறந்துவிடும். நம்பி இருக்க முடியாது.

கடைசியாக சைக்ளோப்ஸ் இனம். இறாலுக்குத் தூரத்து உறவான நீர்வாழ் உயிர், ஓரிரண்டு மில்லிமீட்டர்தான். இதில் மீசோசைக்ளோப்ஸை வியட்நாமில் ஊர் ஊராகத் தண்ணீர்த் தொட்டிகளில் விட்டு ஏடிஸை அடக்கினார்கள். அப்போதுதான் பொரித்த புழுவை மட்டுமே இதனால் தின்ன முடியும், வளர்ந்தது தப்பிவிடும். முன்பு நம் ஊர்களில் நரம்புச் சிலந்தி (கினிப்புழு) நோயைச் சுமந்ததும் சைக்ளோப்ஸ்தான். அது கலந்த நீரைக் குடித்தவர்களுக்கு நோய் வந்தது. இந்தியா 2000-இல் அந்த நோயற்ற நாடானது. அதனால் இன்று பயமில்லை என்றாலும், குடிதண்ணீரில் பூச்சி விடச் சொன்னால் நம் வீடுகளில் யார் சம்மதிப்பார்கள்?

மூடி போட முடிந்த டிரம்முக்கு இவற்றில் எதுவும் வேண்டாம், மூடினால் போதும். குளம், ஏரியில் கப்பியையும் விடாதீர்கள். தலைமேல் வெள்ளைப் புள்ளி மின்ன நீர்மட்டத்திலேயே திரியும் பஞ்சாக்ஸ் போன்ற நாட்டு மீன்கள் அந்த வேலையைப் பார்க்கும்.